பன்றிக்கு ஊசியா, மனிதனுக்கு மாத்திரையா?

வலிப்பு நோயாளிகளுக்கு மாதம் ஒருமுறை இலவசமாக மாத்திரை வழங்கும் முகாமை நடத்துகிறார் என் நண்பர் ஒருவர். சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தார். முகாமுக்கு வருகிறவர்களில் பலருடைய ஸ்கேன் படத்தில் மூளைக்குள் புழுக்கட்டி தெரிகிறது. மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்கிறார், புதிய ஆட்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். இப்போது மூன்று ஆண்டுகளுக்குச் செலவிட ஒரு தொகை கிடைத்திருக்கிறது. "நாடாப்புழுவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே, ஐதராபாத்திலேயே செய்கிறார்களாமே. வாங்கி ஊர் முழுக்கப் போட்டுவிடலாமா?" என்றார்.

ஊசி இருப்பது உண்மை. ஐதராபாத்தில் தயாராவதும் உண்மை. ஆனால் அது பன்றிக்குப் போடும் ஊசி. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "பன்றிக்கு ஊசி போட நான் எதற்குச் செலவழிக்க வேண்டும்? பன்றி வளர்க்கிறவன் போட்டுக்கொள்ளட்டுமே" என்றார். முப்பது ஆண்டுக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த விவகாரத்தில் இதைவிடக் கூர்மையான கேள்வி கிடையாது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், அவர் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தோம். அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பன்றி நாடாப்புழுவின் வாழ்க்கை இரண்டு வீட்டில் நடக்கிறது. வளர்ந்த புழு மனிதக் குடலில் மட்டுமே குடியிருக்கும். முட்டை நிறைந்த அதன் கடைசிக் கண்ணிகள், அதாவது உடல் துண்டுகள், கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு கண்ணிக்குள்ளேயே பல்லாயிரம் முட்டைகள் இருக்கும். திறந்த வெளியில் கிடக்கும் மலத்தைப் பன்றி தின்கிறது. முட்டை பொரிந்து, ஆறு கொக்கிகள் கொண்ட நுண்ணிய கரு வெளிவந்து, குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறித் தசைக்குப் போய் நீர் நிறைந்த சிறு கட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் தின்கிற மனிதனின் குடலில் அந்தக் கட்டி மறுபடி நாடாப்புழுவாக வளர்கிறது. சுற்று முடிந்தது. ஆனால் மனிதனே தவறிப்போய் முட்டையை விழுங்கிவிட்டால், பன்றிக்குள் நடப்பது அப்படியே அவனுக்குள்ளும் நடக்கும். தசையில் தங்கினால் பெரிய தொந்தரவு இல்லை. மூளையில் தங்கினால் வலிப்பு.

அந்தக் கட்டியைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பன்றியைத் தரையில் பக்கவாட்டில் சாய்த்து ஒருவர் முழங்காலால் அழுத்திக்கொள்வார். வாயைத் திறந்து, மூடாதபடி ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து, துணியைச் சுற்றி நாக்கை வெளியே இழுக்க வேண்டும். அது வழுக்கும். பன்றி போடும் கூச்சலில் பக்கத்து வீதி முழுக்க எட்டிப் பார்க்கும். நாக்கின் அடிப்பக்கத்தை விரலால் வருடினால், நோயுள்ள பன்றியில் வெந்த சோற்றுப் பருக்கை தோலுக்கடியில் இருப்பதுபோல் தட்டுப்படும். பன்றி வாங்குகிற வியாபாரிகளில் அனுபவசாலிகள் இதைப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் நிறையக் கட்டி உள்ள பன்றிதான் இதில் சிக்கும். நாலைந்து கட்டி மட்டும் இருந்தால் நாக்கு சுத்தமாகவே தெரியும். வியாபாரி வேண்டாமென்று திருப்பிவிட்ட பன்றியும் குழிக்குப் போவதில்லை, விலை குறைந்து வேறொருவர் வீட்டுக் குழம்புக்குத்தான் போகிறது.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. குடலில் புழுவைச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. அவர் கையில் ஒட்டிய முட்டையால் துன்பப்படுவது அவர் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்களும் அவருடைய வீட்டாரும், சில வேளை அவரேயும்தான். நியூயார்க்கில் பன்றி இறைச்சியைத் தொடவே தொடாத வைதிக யூதர்கள் சிலருக்கு மூளையில் புழுக்கட்டி வந்தது பற்றி 1992இல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வீட்டு வேலைக்கு வந்திருந்த, இந்நோய் பரவலாக உள்ள நாட்டுப் பெண்களில் ஒருவர் புழுவைச் சுமந்திருக்கிறார். நம் பக்கம் வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து வலிப்பு வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தக் கட்டிதான் என்று கண்டார்கள். அவர்களில் பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் எத்தனையோ பேர். முட்டைக்கோஸ் தின்றால் மூளையில் புழு வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி இந்த உண்மையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு கோஸைக் குற்றவாளியாக்கிவிட்டது. கோஸ் என்ன செய்யும், அதில் ஒட்டியிருக்கும் முட்டை யாரோ ஒரு மனிதனிடமிருந்து வந்தது.

சரி, அப்படியானால் மனிதனுக்கே ஊசி போட்டால் என்ன? நண்பரின் முதல் விருப்பம் இதுதான். இப்படி ஓர் ஊசி அறிவியலால் முடியாதது இல்லை. பன்றி ஊசியில் உள்ள அதே புரதம் மனித உடலிலும் முட்டையிலிருந்து வரும் கருவை அடித்துவிடும் என்று எதிர்பார்க்கக் காரணம் உண்டு. தடையெல்லாம் வேறிடத்தில். முதலாவது, அந்த ஊசி மூளைக் கட்டியைத்தான் தடுக்கும், குடலில் உள்ள வளர்ந்த புழுவை ஒன்றும் செய்யாது. குடலுக்குள் வசதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவுக்கு எதிராக நம்பத்தக்க தடுப்பூசி எதுவும் இதுவரை உருவாகவில்லை. ஆகவே ஊசி போட்டுக்கொண்டவரும் முட்டையைப் பரப்பிக்கொண்டுதான் இருப்பார்.

இரண்டாவது, அது பலன் தருகிறதா என்று எப்படிச் சோதிப்பது? இந்தியாவில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்குப் பின்னாளில் வலிப்பு வந்தது. அவர்களில் 450 பேரைப் பற்றி 1961இல் வெளியான ஓர் அறிக்கை இந்த நோயின் பழைய பாடநூல் மாதிரி. தொற்றுக்கும் முதல் வலிப்புக்கும் இடையில் பலருக்குச் சில ஆண்டுகள், சிலருக்கு 30 ஆண்டு வரை ஆகியிருக்கிறது. இவ்வளவு நிதானமான நோய்க்கு ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு ஊசி போட்டு, எத்தனை பேருக்கு வலிப்பு வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்க எந்த நிறுவனம் முன்வரும்? வாங்குகிறவர்களோ மாதம் ஒருமுறை இலவச மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறவர்கள். பன்றியில் சோதிப்பது எளிது. ஊசி போட்டு, சில மாதம் கழித்து அறுத்து, கட்டியை எண்ணிவிடலாம். மனித ஊசியை நண்பரின் பட்டியலிலிருந்து நானே அடித்துவிட்டேன்.

விலங்குக்குப் போடுகிற ஊசியின் கதை ஆட்டில் தொடங்குகிறது. நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே சுற்றும் ஒரு நாடாப்புழு நியூசிலாந்தின் ஆட்டிறைச்சி ஏற்றுமதிக்குத் தலைவலியாக இருந்தது. அந்தப் புழுவின் முட்டைக் கருவிலிருந்து எடுத்த ஒரு புரதத்தை மரபணு மாற்றிய பாக்டீரியாவில் உற்பத்தி செய்து ஆட்டுக்குப் போட்டதில் 90 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு கிடைத்தது. 1989இல் வெளியான அந்த ஆய்வுதான், ஆய்வகத்தில் செய்த ஒற்றைப் புரதத்தால் ஓர் ஒட்டுண்ணியை இவ்வளவு திறமையாகத் தடுக்க முடியும் என்று முதலில் காட்டியது. அந்த ஊசி கடைக்கு வரவே இல்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு வேண்டியிருக்கும்.

ஒரு புழு இத்தனை எளிதாக மாட்டிக்கொள்வதற்குக் காரணம் அதன் பச்சிளம் பருவம். முட்டையிலிருந்து வெளிவந்த கரு முதல் சில நாட்கள் அப்பாவிதான். இரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள் ஏற்கெனவே காத்திருந்தால், அது கருவில் ஒட்டிக்கொண்டு, இரத்தத்தின் மற்றப் புரதங்களைக் கூட்டி வந்து கொன்றுவிடும். ஓரிரு வாரம் தாண்டி, கட்டிச் சுவர் கட்டிக்கொண்டுவிட்டால் அதே எதிர்ப்பொருள் சுற்றி நின்றாலும் பயன் இல்லை. திருடன் வாசலில் இருக்கும்போது குரைக்கிற நாய் உதவும். உள்ளே புகுந்து தாழிட்டுக்கொண்ட பிறகு குரைத்தென்ன? இந்தத் தடுப்பூசிகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரே செய்தியில் இருக்கின்றன: வரப்போவதைத் தடுக்கும், வந்துவிட்டதைத் தொடாது.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவினர் இதே வழியில் போய், ஆடுகளில் நீர்க்கட்டி நோயைத் தரும் புழுவுக்கு இ.ஜி.95 என்ற ஊசியையும் பன்றி நாடாப்புழுவுக்கு டிசோல்-18 என்ற ஊசியையும் உருவாக்கினார்கள். ஐதராபாத்தில் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம் 'சிஸ்வாக்ஸ்' என்ற பெயரில் தயாரிப்பது இந்த டிசோல்-18ஐத்தான். பாக்டீரியாவுக்குப் பதில் ஒருவகை ஈஸ்ட்டில் வளர்த்துப் புரதத்தை எடுக்கிறார்கள்.

இதற்குப் போட்டியாக மெக்சிகோவில் இன்னொரு ஊசி உண்டு. மூன்று சிறிய பெப்டைடுகளை, அதாவது புரதத் துணுக்குகளை, கொண்டது. எஸ்3பி-வாக் என்பது பெயர். அதைப் பப்பாளித் திசுவில் வளர்த்து வாய்வழியே ஊட்டிவிடலாமா என்று கூட முயன்றார்கள். பன்றி பிடிக்கிற வேலையை அறிந்தவனுக்கு இது கனவு மாதிரி இனிக்கும். ஆனால் மெக்சிகோவின் கிராமங்களில் 2001இல் வெளியான கள ஆய்வில் அந்த ஊசி நோயுற்ற பன்றிகளின் எண்ணிக்கையைப் பாதி அளவுக்குத்தான் குறைத்தது; கட்டிகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் 98 விழுக்காட்டை ஒட்டிக் குறைத்தது. இதைக் குறை என்று சொல்வதா, சாதனை என்று சொல்வதா? ஆயிரம் கட்டி இருக்கும் பன்றியில் இருபது மிஞ்சினால் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறையும்தான். ஆனால் ஒரு புழு உருவாக ஒரு கட்டி போதும். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் டிசோல்-18 பக்கம்தான் போவேன். இங்கே சந்தையில் உள்ளதும் அதுதான் என்பதால் இந்த விவாதம் நம் ஊரில் வெறும் திண்ணைப் பேச்சு.

கேமரூனில் நடந்த கள ஆய்வு 2010இல் வெளியானது. 240 பன்றிக்குட்டிகள், பாதிக்கு டிசோல்-18 ஊசி, மீதிக்கு ஒன்றும் இல்லை. மக்களின் வீடுகளிலேயே, வழக்கம்போல் அலைந்து திரிந்து வளர்ந்தன. கடைசியில் அறுத்துப் பார்த்தபோது ஊசி போடாத குழுவில் 20 பன்றிகளில் கட்டி இருந்தது. ஊசி போட்ட குழுவில் ஒன்றில் கூட இல்லை. இந்தச் சுழியத்தைப் படித்த யாருக்கும் உற்சாகம் வரும். ஆனால் விவரத்தைப் படிக்காமல் உற்சாகப்படக் கூடாது: ஊசி போட்ட பன்றிகளுக்கு ஒரு தடவை ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற பூச்சி மருந்தும் கொடுத்திருந்தார்கள். ஊசி வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே உள்ளே புகுந்துவிட்ட கட்டிகளை அந்த மருந்து கொன்றது. புதிதாக வருவதை ஊசி தடுத்தது. ஒருவர் கதவைப் பூட்டுகிறார், இன்னொருவர் வீட்டுக்குள் ஒளிந்திருப்பவனைத் தேடுகிறார்.

அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் போதாதா? விலையைப் பார்த்தால் இந்த வழிதான் கண்ணைக் கவர்கிறது. பன்றியின் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், வாய்வழியே, ஒரே வேளை. (மாட்டுக்கு வழக்கமாக எழுதுவது கிலோவுக்கு 5 மில்லிகிராம் அளவில், பழக்க தோஷத்தில் அதையே பன்றிக்குக் கொடுத்தால் மருந்தும் வீண், உழைப்பும் வீண்.) தசையில் உள்ள கட்டிகள் செத்துவிடும், மூளையில் உள்ளவை சில தப்பும். பன்றி மூளையைச் சமைத்துச் சாப்பிடுகிற வீடுகள் உள்ள ஊரில் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். செத்த கட்டிகளின் தழும்பு இறைச்சியிலிருந்து மறைய இரண்டு மூன்று மாதம் ஆகும், மருந்து கொடுத்த கையோடு வெட்டவும் கூடாது. ஆனால் பன்றிக்குக் காத்திருக்கும் பழக்கம் இல்லை. வீட்டில் கல்யாணம் வரும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், அன்றைக்குப் பன்றி விலைபோகும். மருந்து சாப்பிட்ட பன்றி மறுபடி மலத்தைத் தின்றால், ஏற்கெனவே நோய் கண்டிருந்த பன்றிக்குச் சில மாதம் தற்காப்பு இருக்கும்; புதிதாகப் பிறந்த குட்டிக்கு அதுவும் இல்லை. மருந்து மட்டும் என்றால் கடைசி வரை சுற்றுச் சுற்றாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊசி மட்டும் என்றாலும் சிக்கல்தான். இரண்டு தவணை வேண்டும், குறைந்தது மூன்று நான்கு வார இடைவெளியில். கொட்டிலில் உள்ள பன்றிக்கு அது ஒரு பொருட்டில்லை. தெருவில் திரிகிற பன்றியை ஒருமுறை பிடித்து ஊசி போட்டுவிட்டால், அது உங்கள் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் நீங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே கருவேலங்காட்டுக்குள் போய்விடும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஒருநாள் கூட வந்து பார்க்கலாம். நேபாளத்தின் பாங்கே மாவட்டத்தில் செய்த முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான். அங்கே எந்தப் பன்றிக்கு முதல் தவணை, எதற்கு இரண்டாம் தவணை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனார்கள். கண்ணில் பட்ட பன்றிக்கெல்லாம் ஊசியும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் சுற்றில் மட்டும் சிக்கிய பன்றிக்கு ஊசியின் முழுப் பலன் வந்திருக்காது, ஆனால் அடுத்த சுற்றுக்குள் அதில் புகுந்திருக்கும் கட்டியை மருந்து பார்த்துக்கொள்ளும். கட்டி முதிர்ந்து மனிதனுக்குத் தொற்றும் நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆவதால் கணக்கு பெரும்பாலும் சரியாக வருகிறது. பிறகு அறுத்துப் பார்த்த பன்றிகளில் உயிருள்ள கட்டி இல்லை.

மனிதருக்கு மாத்திரை கொடுக்கும் வழியை நண்பர் தாமாகவே எடுத்து வைத்தார். முகாம் நடத்துகிறவருக்கு அது கைவந்த வேலை. நிக்லோசமைடோ பிரசிகுவாண்டலோ ஒரு வேளை கொடுத்தால் குடலில் உள்ள புழு போய்விடும்; முட்டையின் ஊற்றே அடைபடும். மடகாஸ்கரில் 2015இலிருந்து மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகப் பிரசிகுவாண்டல் கொடுத்தார்கள். கொடுத்த சில மாதங்களில் நாடாப்புழு உள்ளவர்களின் விகிதம் நன்றாகக் குறைந்தது. கடைசிச் சுற்று முடிந்து 16 மாதம் கழித்துப் பார்த்தால் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பன்றிகளில் கட்டி அப்படியே இருந்ததே, அதைத் தின்ற மனிதர்களுக்குப் புழு திரும்ப வந்தது. வியப்பென்ன?

பிரசிகுவாண்டலில் இன்னொரு கவலையும் உண்டு. அது இரத்தத்தில் கலந்து மூளை வரை போகும். மூளையில் யாருக்கும் தெரியாமல் உறங்கும் கட்டி உள்ளவருக்கு அதைச் சீண்டி வலிப்பை வரவழைக்கக்கூடும். வலிப்பு முகாம் நடத்துகிற ஊரில் அத்தகையவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நிக்லோசமைடு குடலோடு நின்றுவிடுகிறது, அதனால் என் வாக்கு அதற்கே. பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்களே, அது போதாதா என்றும் நண்பர் கேட்டார். அந்த ஒற்றை மாத்திரை கீரிப்பூச்சி, கொக்கிப்புழு வகைகளைக் குறிவைத்தது. நாடாப்புழுவுக்கு அதையே மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். புழுவைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தைத் தாண்டியவர்கள் வேறு.

எல்லாருக்கும் கொடுக்காமல் ஆளைத் தேடிப் பிடிக்கும் வழியும் ஒன்று உண்டு, தென் அமெரிக்காவின் பெரு நாட்டின் வடக்கில் முயன்றது. நாக்கில் கட்டி தெரிகிற பன்றி எங்கே அகப்படுகிறதோ, அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் உள்ள வீட்டாரை மட்டும் சோதித்து மருந்து கொடுப்பது. பன்றி எங்கே மேய்கிறதோ அங்கேதான் அதற்கு முட்டை ஊட்டிய மனிதரும் இருப்பார் என்பது தர்க்கம். சிக்கனமான வழி. ஊரின் பார்வையில் ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டிவிடும் என்பதுதான் இதில் உள்ள முள். "அந்த வீட்டில் புழு" என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், சமையல் வேலைக்குப் போகும் பெண்ணின் பிழைப்பு போச்சு.

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தவர்களும் பெருக்காரர்கள்தான். டும்பெஸ் பகுதியில் எக்டர் கார்சியா தலைமையில் நடந்த அந்த வேலையின் முடிவு 2016இல் வெளியானது: 107 கிராமங்கள், 81,170 மக்கள், 55,638 பன்றிகள். மனிதருக்கு நிக்லோசமைடு, பன்றிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோலும் தடுப்பூசியும். இறுதியில் 342 பன்றிகளை அறுத்து அங்குலம் அங்குலமாகத் தேடியதில் மூன்றில் மட்டுமே உயிருள்ள கட்டி. 105 ஊர்களில் தொற்று நின்றிருந்தது. சாம்பியாவின் கிழக்கு மாகாணத்திலும் மனிதருக்கும் பன்றிக்கும் நான்கு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டு சேர்த்துக் கொடுத்தபோது பன்றிகளில் பரவலை நிறுத்த முடிந்தது. இந்தப் புழுவை வெல்லலாமா என்ற கேள்வி இவற்றோடு முடிந்துவிட்டது. யார் பணத்தில் என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

கழிப்பறை, கொட்டில், இறைச்சிப் பரிசோதனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பா இவற்றாலேயே இந்தப் புழுவைத் துரத்தியது, ஊசி எதுவும் இல்லாமல்; பல தலைமுறை ஆனது. மூன்று ஆண்டுப் பணத்தில் அது நடக்காது. இறைச்சிப் பரிசோதனையை மட்டும் அவசரமாகக் கொண்டுவந்தால் நோயுள்ள பன்றி பரிசோதனைக் கூடத்துக்கு வராமல் கொல்லைப்புறத்தில் அறுபடும் என்பதையும் பெருவில் பார்த்துவிட்டார்கள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பன்றி வளர்க்கிறவன் ஏன் ஊசி போடவில்லை? கட்டி உள்ள பன்றிக்குக் காய்ச்சல் இல்லை, இளைப்பு இல்லை, தீனி எடுக்காமல் இருப்பதில்லை. தெருவில் திரிகிற பன்றியைக் கசாப்புக்காரர் நாக்கைப் பார்க்காமல் வாங்கினால் விலையிலும் நட்டமில்லை. வலிப்பு வருவது இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்கு, ஐந்தாறு ஆண்டு கழித்து. அவரிடம் போய் ஊசிக்குப் பணம் கொடு என்றால், எதற்கு என்றுதான் கேட்பார். அவர் கேட்பது நியாயம். நியூசிலாந்தின் ஆட்டு ஊசி கடைக்கு வராமல் போனதும் இப்படித்தான்: நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தே அங்கே நோய் அடங்கிவிட்டது, ஊசியை வாங்க விவசாயிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த இ.ஜி.95 சீனாவின் மேற்கு மாகாணங்களில் லட்சக்கணக்கான ஆடுகளுக்குப் போகிறது, ஏனென்றால் அங்கே செலவை அரசு ஏற்றுக்கொண்டது. ஊசியின் திறமையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

ஆகவே என் யோசனை, ஊசியைத் தனியாக விற்க முயலாமல் பன்றிக்காரர் ஏற்கெனவே விரும்புகிற ஒன்றோடு சேர்த்துக் கட்டுவது. பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வரும் ஃப்ளூ அல்ல, பன்றிகளைக் கொல்லும் வேறு நோய்) அவருக்குப் பயம். ஒரே வாரத்தில் கொட்டில் காலியாகிவிடும். அதற்கான தடுப்பூசியை அரசே போடுகிறது, அவரும் பன்றியைப் பிடித்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். பன்றி ஏற்கெனவே கயிற்றில் இருக்கும் அந்த நேரத்தில் இன்னொரு ஊசியும் ஒரு மடக்கு மருந்தும் கொடுப்பதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு சொற்பம். இதே ஆக்ஸ்ஃபெண்டசோல் குடலில் உள்ள மற்றப் புழுக்களையும் வெளியேற்றுவதால் பன்றி நன்றாகச் சதை போடும். அது அவர் கண்ணுக்குத் தெரியும் லாபம். வட்டாரக் கால்நடை மருந்தகத்தைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது என்பதை நண்பரிடம் இரண்டு முறை சொன்னேன்.

நண்பரின் தொகைக்கு நான் எழுதிக் கொடுத்த பங்கீடு இது. பெரும்பகுதி பன்றிக்கு, நேபாள முறையில் மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று, ஊசியும் மருந்தும் சேர்த்து, மூன்று ஆண்டும் விடாமல். முதல் ஆண்டில் ஒரே ஒரு சுற்று மனிதருக்கு நிக்லோசமைடு, மருத்துவரின் மேற்பார்வையில், வீடு வீடாக எல்லாருக்கும், யாரையும் சுட்டாமல். பன்றி இல்லாத தெருக்களுக்கும் கொடுக்க வேண்டும். புழு சாதி பார்ப்பதில்லை என்பதை ஊர் அப்படித்தான் நம்பும். ஒரு சிறு பகுதியைப் பன்றி வாங்கி அறுத்துப் பார்க்க ஒதுக்கி வைக்கச் சொன்னேன். அவருக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. முகாமுக்கு வருகிறவர்கள் குறைந்தால் தெரிந்துவிடாதா என்றார். தெரியாது. சிப்பாய்களின் கணக்கை நினைத்துப் பாருங்கள், இன்று பரவல் முற்றாக நின்றாலும் சென்ற ஆண்டுகளில் மூளைக்குப் போன கட்டிகள் இன்னும் பல ஆண்டுகளுக்கு முகாமுக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். மூன்றாம் ஆண்டின் முடிவில் வலிப்பு நோயாளிகளை எண்ணினால் திட்டம் தோற்றது போல்தான் தெரியும். பன்றியின் இரத்தச் சோதனையையும் முழுதாக நம்ப முடியாது, நாயிடமிருந்து வரும் வேறொரு நாடாப்புழுவின் கட்டியையும் அது பன்றி நாடாப்புழு என்று காட்டிவிடும். இருபது முப்பது பன்றிகளை விலைக்கு வாங்கித் தசையை மெல்லிய துண்டாக நறுக்கி எண்ணுவதே உண்மையைச் சொல்லும்.

எழுதி முடித்ததும் நண்பர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஒரு பன்றிக்கு ஊசி போட்டாயிற்றா இல்லையா என்று எப்படி அடையாளம் தெரியும்?" என்று கேட்டார். காது வளையம் அடிக்கலாம், ஆனால் தெருப் பன்றி முள்வேலியில் மாட்டிக் கிழித்துக்கொள்ளும். அன்றன்றைக்குச் சுற்று முடியும்வரை தெரிந்தால் போதும், முதுகில் பெயின்ட் பூசினால் சாயங்காலம் வரை தாங்கும் என்றேன். அடுத்த சுற்றுக்கு வேறு நிறம் வேண்டுமா என்றார். வேண்டாம், அதற்குள் சேற்றில் புரண்டு அழிந்திருக்கும். அகப்படுகிற எல்லாவற்றுக்கும் மறுபடி போட்டுவிடுங்கள். சிவப்பு மட்டும் வாங்காதீர்கள், காயம் பட்டதென்று பன்றிக்காரர் சண்டைக்கு வருவார்.